பிங் கிராஸ்பி

பிங் கிராஸ்பி (மே 3, 1903 – அக்டோபர் 14, 1977) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த பாடகரும் திரைப்பட நடிகரும் ஆவார். ஹாரி லில்லிஸ் கிராஸ்பி என்பது இவரது இயற்பெயர். 1920களில் பால் வைட்மனின் பெரிய நடன இசைக்குழுவில் பாடகராகச் சேர்ந்த இவர், பின்னர் இசைத்தட்டு, வானொலி, திரைப்படம் ஆகிய மூன்று துறைகளிலும் ஒரே காலத்தில் முன்னணியில் விளங்கினார். கோயிங் மை வே (1944) என்ற திரைப்படத்தில் நடித்தமைக்காகச் சிறந்த நடிகருக்கான அகாதமி விருதைப் பெற்றார். இவர் பாடிய ஒயிட் கிறிஸ்மஸ் என்ற பாடல் உலகில் மிக அதிகமாக விற்பனையான தனிப்பாடல் இசைத்தட்டாகக் கின்னஸ் நூலில் இடம்பெற்றுள்ளது.

ஒலிவாங்கி பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்த தொடக்க ஆண்டுகளிலேயே அதன் இயல்பைப் புரிந்துகொண்டு பாடிய பாடகர்களுள் கிராஸ்பி முதன்மையானவர். அரங்கின் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி குரலை உயர்த்திப் பாடும் பழைய முறையை விட்டு, அருகில் இருப்பவரிடம் பேசுவது போன்று பாடும் முறையை இவர் நிலைநிறுத்தினார். முயற்சி வெளியே தெரியாத இந்த இயல்புத்தன்மையே இவரது நடிப்புக்கும் அடிப்படையாக அமைந்தது.

இளமைக்காலம்

கிராஸ்பி வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள டகோமா நகரில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் இவர் நான்காமவர். தந்தை கணக்கெழுதுநராகப் பணியாற்றினார். தாய் அயர்லாந்து வழிவந்த கத்தோலிக்கர். 1906 ஆம் ஆண்டில் இக்குடும்பம் அதே மாநிலத்தின் ஸ்போகேன் நகருக்குக் குடிபெயர்ந்தது. அக்காலத்தில் நாளிதழ் ஒன்றில் வெளிவந்த பிங்வில் பியூகிள் என்ற நகைச்சுவைப் பகுதியைச் சிறுவன் ஹாரி பெரிதும் விரும்பிப் படித்தான். அதை வைத்துப் பக்கத்து வீட்டுச் சிறுவன் ஒருவன் சூட்டிய பட்டப்பெயரே பின்னர் பிங் என்று நிலைத்துவிட்டது.

1917 ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் ஸ்போகேன் நகர அரங்கு ஒன்றில் மேடைப் பொருட்களை எடுத்துவைக்கும் வேலையைக் கிராஸ்பி செய்தார். அக்காலத்தின் புகழ்பெற்ற மேடைப் பாடகரான அல் ஜோல்சன் அங்கு நடத்திய நிகழ்ச்சியை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு அப்போது கிடைத்தது. ஜோல்சன் உரத்த குரலாலும் பெரிய உடலசைவுகளாலும் அரங்கைத் தன்வயப்படுத்தியவர். அவரை வியந்து வளர்ந்த கிராஸ்பி, பிற்காலத்தில் அதற்கு நேர் எதிரான முறையில் புகழ்பெற்றார் என்பது குறிப்பிடத்தக்கது.

உயர்நிலைப் பள்ளிக்குப் பின் கிராஸ்பி ஸ்போகேனில் உள்ள கொன்சாகா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து சட்டம் பயின்றார். அஞ்சல் வழியாக முரசுத் தொகுதி ஒன்றை வாங்கி, 1923 இல் அல் ரிங்கர் என்ற இளைஞரின் சிறு இசைக்குழுவில் முரசு வாசித்துக்கொண்டே பாடவும் தொடங்கினார். இசையில் கிடைத்த வருமானம் சட்டப் படிப்பில் இருந்த ஆர்வத்தைக் குறைத்தது. பட்டம் பெறாமலேயே பல்கலைக்கழகத்தை விட்டு விலகினார். அதே பல்கலைக்கழகம் 1937 இல் இவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. இவர் வளர்ந்த வீடு இப்பல்கலைக்கழக வளாகத்தில் அருங்காட்சியகமாகப் பேணப்படுகிறது.

1925 அக்டோபரில் கிராஸ்பியும் ரிங்கரும் ஒரு பழைய போர்டு காரில் லாஸ் ஏஞ்சலஸ் நோக்கிப் புறப்பட்டனர். ரிங்கரின் சகோதரியும் பின்னாளில் புகழ்பெற்ற ஜாஸ் பாடகியுமான மில்ட்ரெட் பெய்லி அங்கு வசித்து வந்தார். அவருடைய உதவியால் இருவருக்கும் வாட்வில் எனப்படும் பல்சுவை மேடை நிகழ்ச்சிகளில் பாடும் வாய்ப்புகள் கிடைத்தன.

வைட்மன் இசைக்குழுவில்

1920களில் ஐக்கிய அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற நடன இசைக்குழுவை நடத்தியவர் பால் வைட்மன். அவர் 1926 ஆம் ஆண்டின் இறுதியில் கிராஸ்பியையும் ரிங்கரையும் தமது குழுவில் சேர்த்துக்கொண்டார். அக்காலத்தில் நடன இசைக்குழுக்களில் பாடுவதற்கென்றே முழுநேரப் பாடகரை அமர்த்தும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. இசைக்கருவி வாசிப்பவர்களில் ஒருவரே இடையில் எழுந்து பாடுவார். எனவே பிற்காலப் பெரிய இசைக்குழுக்களில் பாடகர் பெற்ற சிறப்பிடத்துக்கு வைட்மன் குழு ஒரு முன்னோடி ஆகும்.

சிக்காகோவில் நல்ல வரவேற்பைப் பெற்ற இருவரும் 1927 இல் நியூயார்க்கில் தோல்வியைச் சந்தித்தனர். அங்கிருந்த பெரிய அரங்கில் இவர்களுடைய மென்மையான பாடல் எடுபடவில்லை. பியானோ வாசிப்பவரும் பாடல் இயற்றுபவருமான ஹாரி பாரிஸ் மூன்றாவதாகச் சேர்ந்தபின் நிலைமை மாறியது. த ரிதம் பாய்ஸ் என்ற பெயரில் மூவரும் தனித்து அறியப்பட்டனர். வைட்மன் குழுவில் அப்போது இருந்த பிக்ஸ் பைடர்பெக் முதலிய ஜாஸ் கலைஞர்களுடன் பழகியதால், தாளத்துக்குச் சற்று முன்னும் பின்னுமாகச் சொற்களை அமைத்துப் பாடும் முறையைக் கிராஸ்பி கற்றுக்கொண்டார்.

1929 ஆம் ஆண்டின் இறுதியில் வைட்மன் குழுவை மையமாகக் கொண்ட கிங் ஒப் ஜாஸ் என்ற வண்ணத் திரைப்படத்தை யுனிவர்சல் நிறுவனம் ஹாலிவுட்டில் தயாரித்தது. அப்படத்தில் ஒரு பெரிய பாடலைத் தனித்துப் பாடும் வாய்ப்பு கிராஸ்பிக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. ஆனால் ஒரு விருந்துக்குப் பின் அவர் ஓட்டிய கார் விபத்துக்குள்ளானது. மதுவிலக்குச் சட்டம் நடைமுறையில் இருந்த அக்காலத்தில், நீதிமன்றம் அவருக்கு 60 நாள் சிறைத்தண்டனை விதித்தது. அவருக்குரிய பாடல் ஜான் போல்ஸ் என்ற நடிகருக்குச் சென்றது. காவலுடன் படப்பிடிப்புக்கு வர அனுமதிக்கப்பட்ட கிராஸ்பி, ரிதம் பாய்ஸ் மூவருள் ஒருவராக மட்டுமே 1930 இல் வெளியான அப்படத்தில் தோன்றினார். திரையில் தனிப்பாடகராக அறிமுகமாகும் முதல் வாய்ப்பு இவ்வாறு கைநழுவிப் போனது.

வானொலியும் இசைத்தட்டும்

1930 இல் ரிதம் பாய்ஸ் மூவரும் வைட்மன் குழுவை விட்டு விலகினர். பின்னர் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் அம்பாசடர் ஓட்டலில் இருந்த கோகனட் குரோவ் அரங்கில் கஸ் ஆர்ன்ஹைம் இசைக்குழுவுடன் பாடினர். அங்கிருந்து நிகழ்ச்சிகள் வானொலியில் ஒலிபரப்பாயின. திரைத்துறையினர் பலரும் வந்துபோகும் இடமாகவும் அது இருந்தது. ஹாரி பாரிஸ் இசையமைத்து, 1931 ஜனவரியில் கிராஸ்பி பதிவு செய்த ஐ சரண்டர் டியர் என்ற பாடல் பெரும் வெற்றி பெற்றது. அதே ஆண்டில் மாக் செனட் தயாரித்த நகைச்சுவைக் குறும்படங்களில் கிராஸ்பி நடித்தார். 1931 செப்டம்பர் 2 அன்று சிபிஎஸ் வானொலி வலையமைப்பில் அவருடைய தனி நிகழ்ச்சி தொடங்கியது. 15 நிமிட அளவுடைய அந்நிகழ்ச்சி அவரை நாடு முழுவதும் அறியச் செய்தது.

இப்புகழுக்கு ஒலிவாங்கியே முதற்காரணம் எனலாம். 1925 வரை இசைத்தட்டுப் பதிவுகள் ஒரு கூம்புக்குழலின் முன் உரத்துப் பாடியே செய்யப்பட்டன. மேடையிலும் பாடகர்கள் தம் குரல் வலிமையையே நம்பினர். சிலர் கையில் மெகாபோனைப் பிடித்துக்கொண்டு பாடினர். 1925 இல் மின்முறை ஒலிப்பதிவு வந்தபின் தாழ்ந்த குரலின் நுணுக்கங்களும் பதிவாயின. பலர் ஒலிவாங்கியைக் குரலைப் பெருக்கும் கருவியாக மட்டுமே கருதினர். கிராஸ்பி அதனைக் கேட்பவரின் காதாகக் கருதிப் பாடினார். மூச்சு, சொல்லின் முடிவு, சுரங்களுக்கு இடையிலான சிறு அசைவு ஆகியவை எல்லாம் பாடலின் பகுதிகளாயின. குரூனிங் எனப்படும் இந்த மென்குரல் முறையை வேறு சிலரும் கையாண்டனர். எனினும் அவர்களுள் பலர் மெல்லிய உயர்ந்த குரலில் பாடினர். கிராஸ்பியோ ஆழ்ந்த பாரிட்டோன் குரலையும் ஜாஸ் தாளத்தையும் இணைத்துப் பாடினார். பெரி கோமோ, டீன் மார்ட்டின், பிராங்க் சினாட்ரா முதலிய பின்வந்த பாடகர்கள் இவ்வழியில் தொடங்கியவர்களே.

1934 இல் ஜாக் கேப் என்பவரின் தலைமையில் டெக்கா இசைத்தட்டு நிறுவனம் அமெரிக்காவில் தொடங்கப்பட்டபோது, கிராஸ்பி அதன் முதல் கலைஞர்களுள் ஒருவராகச் சேர்ந்தார். பெருமந்தத்தால் இசைத்தட்டு விற்பனை வீழ்ந்திருந்த காலம் அது. மற்ற முன்னணி நிறுவனங்களின் தட்டுகள் 75 சென்ட் விலைக்கு விற்கப்பட்ட நிலையில், டெக்கா 35 சென்ட் விலையில் தட்டுகளை வெளியிட்டது. குறைந்த விலையும் கிராஸ்பியின் குரலும் சேர்ந்து அந்நிறுவனத்தை நிலைபெறச் செய்தன. நாட்டுப்புறப் பாடல், ஹவாய் இசை, ஐரிஷ் பாடல், கிறிஸ்துமஸ் பாடல் எனப் பலவகைப் பாடல்களைப் பாடும்படி கேப் அவரை ஊக்குவித்தார். கிராஸ்பி தம் வாழ்நாளில் 1,600க்கும் மேற்பட்ட பாடல்களைப் பதிவு செய்தார்.

1936 ஜனவரியில் என்பிசி வானொலியின் கிராப்ட் மியூசிக் ஹால் என்ற நிகழ்ச்சியைக் கிராஸ்பி ஏற்று நடத்தத் தொடங்கினார். அதற்கு முன் அந்நிகழ்ச்சியை நடத்தி வந்தவர் அவருடைய பழைய தலைவரான பால் வைட்மன். பத்தாண்டுகளுக்கு முன் வைட்மனிடம் பாடகராகச் சேர்ந்தவர் இப்போது அவருடைய இடத்துக்கே வந்தார். இந்நிகழ்ச்சியைக் கிராஸ்பி 1946 வரை நடத்தினார்.

திரைப்படத்துறையில்

பாரமவுண்ட் நிறுவனம் தயாரித்த த பிக் பிராட்காஸ்ட் (1932) கிராஸ்பி முதன்மை வேடத்தில் நடித்த முதல் முழுநீளப் படமாகும். வானொலி நிலையம் ஒன்றைச் சுற்றி அமைந்த அக்கதையில் அவர் ஒரு வானொலிப் பாடகராகவே தோன்றினார். திரை நாயகனுக்குரிய தோற்றம் அவரிடம் இல்லை என்று தயாரிப்பாளர்கள் தொடக்கத்தில் கருதினர். காதுகள் முன்தள்ளி இருந்ததால் அவற்றைப் பசைகொண்டு தலையோடு ஒட்டிப் படம்பிடித்தனர். விளக்குகளின் வெப்பத்தில் பசை இளகிக் காதுகள் அடிக்கடி விடுபட்டன. 1934 இல் ஒரு படப்பிடிப்பின்போது இனி ஒட்டுவதில்லை என்று கிராஸ்பி மறுத்துவிட்டார். அதன்பின் அவர் தம் இயல்பான காதுகளுடனேயே திரையில் தோன்றினார். முடி உதிர்ந்த தலைக்கு மட்டும் பொய்முடி அணிந்து வந்தார்.

1930களில் அவர் நடித்த படங்கள் பெரும்பாலும் எளிய கதையும் நான்கைந்து பாடல்களும் கொண்டவை. இவற்றுள் பென்னிஸ் பிரம் ஹெவன் (1936) தனிச்சிறப்புடையது. அப்படத்தில் கறுப்பின ஜாஸ் கலைஞரான லூயிஸ் ஆம்ஸ்ட்ராங் நடிக்க வேண்டும் என்பதில் கிராஸ்பி உறுதியாக இருந்தார். அவருடைய வற்புறுத்தலால் முதன்மை நடிகர்களுடன் ஆம்ஸ்ட்ராங்கின் பெயரும் விளம்பரங்களில் இடம்பெற்றது. இனப்பாகுபாடு வலுவாக இருந்த அக்கால ஹாலிவுட்டில் இது அரிதான செயலாகும். எனினும் ஹொலிடே இன் (1942), டிக்சி (1943) ஆகிய படங்களில் கிராஸ்பி முகத்தில் கருமை பூசிக் கறுப்பினத்தவரைப் போல வேடமிட்டு நடித்தார். கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் இவ்வகைக் காட்சிகள் பின்னர் கடுமையான கண்டனத்துக்கு உள்ளாயின. ஹொலிடே இன் படத்தின் அக்காட்சி பிற்காலத் தொலைக்காட்சி ஒளிபரப்புகளில் நீக்கப்பட்டது.

1940 இல் ரோட் டு சிங்கப்பூர் என்ற நகைச்சுவைப் படம் வெளிவந்தது. இதில் கிராஸ்பியுடன் நகைச்சுவை நடிகர் பாப் ஹோப்பும் நடிகை டோரதி லமூரும் நடித்தனர். படத்தின் வெற்றியைத் தொடர்ந்து சான்சிபார், மொராக்கோ, உட்டோப்பியா, ரியோ, பாலி, ஹாங்காங் ஆகிய இடப்பெயர்களுடன் 1962 வரை மொத்தம் ஏழு படங்கள் வெளியாயின. கிராஸ்பியும் ஹோப்பும் எழுதப்பட்ட வசனங்களை அவ்வப்போது மாற்றியும், பார்வையாளரை நோக்கி நேரடியாகப் பேசியும் நடித்தனர்.

ஹொலிடே இன் படத்துக்காக இர்விங் பெர்லின் எழுதிய ஒயிட் கிறிஸ்மஸ் பாடலைக் கிராஸ்பி 1941 கிறிஸ்துமஸ் நாளன்று முதன்முதலாக வானொலியில் பாடினார். ஐக்கிய அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் நுழைந்து மூன்று வாரங்களே ஆகியிருந்தன. இசைத்தட்டுக்கான பதிவு 1942 மே 29 அன்று நடைபெற்றது. வீட்டையும் பனிக்காலத்தையும் நினைவூட்டிய இப்பாடலை வெளிநாடுகளில் இருந்த படைவீரர்கள் பெரிதும் விரும்பிக் கேட்டனர். சிறந்த பாடலுக்கான அகாதமி விருதும் இதற்குக் கிடைத்தது. தொடர்ந்து படிகள் எடுக்கப்பட்டதால் மூல அச்சு தேய்ந்துவிட்டது. எனவே 1947 மார்ச்சில் பாடல் மீண்டும் பதிவு செய்யப்பட்டது. அதன்பின் பரவலாகக் கேட்கப்பட்டது இந்த இரண்டாம் பதிவே. இப்பாடலின் கிராஸ்பி பதிவு ஏறத்தாழ 5 கோடிப் படிகள் விற்பனையானதாகக் கின்னஸ் நூல் மதிப்பிட்டுள்ளது.

அகாதமி விருது

லியோ மெக்கேரி இயக்கிய கோயிங் மை வே 1944 இல் வெளிவந்தது. கடனில் மூழ்கிய ஒரு தேவாலயத்துக்கு அனுப்பப்படும் சக் ஓமாலி என்ற இளம் பாதிரியார் வேடத்தில் கிராஸ்பி நடித்தார். அங்கு நெடுங்காலமாகப் பணியாற்றும் முதிய பாதிரியாராக பாரி பிட்ஸ்ஜெரால்டு நடித்தார். முதியவரின் மனம் புண்படாமல் பொறுப்பை ஏற்க வேண்டிய இளையவரின் நிலையே கதையின் மையம். இவ்வேடத்தில் கிராஸ்பி குரலை உயர்த்தவோ உணர்ச்சியைக் கொட்டவோ இல்லை. ஒலிவாங்கியின் முன் கற்ற அடக்கத்தை அவர் படப்பிடிப்புக் கருவியின் முன்பும் கையாண்டார்.

இப்படம் சிறந்த படம், இயக்குனர், நடிகர், துணை நடிகர், பாடல் உள்ளிட்ட ஏழு அகாதமி விருதுகளைப் பெற்றது. பிட்ஸ்ஜெரால்டு ஒரே வேடத்துக்காகச் சிறந்த நடிகர், சிறந்த துணை நடிகர் ஆகிய இரு பிரிவுகளிலும் பரிந்துரைக்கப்பட்டார். இவ்வாறு மீண்டும் நிகழாதபடி விதிகள் பின்னர் மாற்றப்பட்டன. இதன் தொடர்ச்சியாக 1945 இல் வெளிவந்த த பெல்ஸ் ஒப் செயின்ட் மேரிஸ் படத்தில் இங்கிரிட் பெர்க்மனுடன் இணைந்து கிராஸ்பி அதே பாதிரியார் வேடத்தில் நடித்தார். அதற்கும் பரிந்துரை பெற்றதால், ஒரே கதாபாத்திரத்துக்காக இருமுறை பரிந்துரைக்கப்பட்ட முதல் நடிகர் என்ற பெருமையை அடைந்தார். 1944 முதல் 1948 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் திரையரங்கு உரிமையாளர்களின் வாக்கெடுப்பில் வசூலில் முதலிடம் பெற்ற நடிகராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஒலிநாடாவுக்கு ஆற்றிய பங்கு

அக்கால வானொலி வலையமைப்புகள் நேரடி நிகழ்ச்சிகளையே ஒலிபரப்பின. நாட்டின் கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் மூன்று மணி நேர வேறுபாடு இருந்ததால், ஒரே நிகழ்ச்சியை ஒரே நாளில் இருமுறை நடத்த வேண்டியிருந்தது. முன்னரே பதிவு செய்து ஒலிபரப்ப வேண்டும் எனக் கிராஸ்பி விரும்பினார். என்பிசி இதற்கு இணங்கவில்லை. எனவே 1946 இல் அவர் புதிய வலையமைப்பான ஏபிசிக்கு மாறினார். அங்கு நிகழ்ச்சிகள் பெரிய தட்டுகளில் பதிவு செய்யப்பட்டன. வேண்டாத பகுதிகளை நீக்க ஒரு தட்டிலிருந்து மற்றொரு தட்டுக்குப் படியெடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒலியின் தரம் குறைந்தது.

இந்நிலையில் ஜாக் மல்லின் என்ற பொறியாளர் பற்றி அவருக்குத் தெரியவந்தது. போரின் முடிவில் அமெரிக்கப் படையில் பணியாற்றிய மல்லின், ஜெர்மானிய வானொலி நிலையம் ஒன்றில் பயன்படுத்தப்பட்ட காந்த நாடாப் பதிவுக்கருவிகளைக் கண்டறிந்தார். அவற்றுள் இரண்டையும் 50 நாடாச் சுருள்களையும் தாயகம் கொண்டுவந்திருந்தார். நாடாவில் பதிவான ஒலி நேரடி ஒலிபரப்பிலிருந்து வேறுபடுத்தி அறிய முடியாத அளவுக்குத் தெளிவாக இருந்தது. நாடாவைக் கத்தரித்து ஒட்டுவதும் எளிது. கிராஸ்பி மல்லினைப் பணிக்கு அமர்த்தினார். 1947 அக்டோபர் 1 அன்று நாடாவில் பதிவு செய்யப்பட்ட அவருடைய முதல் நிகழ்ச்சி ஒலிபரப்பானது.

இக்கருவிகளை அமெரிக்காவில் தயாரிப்பதற்காகக் கலிபோர்னியாவில் இருந்த ஆம்பெக்ஸ் என்ற சிறு நிறுவனத்துக்குக் கிராஸ்பி 50,000 டொலர் அளித்தார். அந்நிறுவனத்தின் கருவிகள் விரைவில் ஒலிபரப்புத் துறையின் பொதுக்கருவிகளாயின. கிடார் கலைஞரான லெஸ் பாலுக்குக் கிராஸ்பி ஒரு ஆம்பெக்ஸ் கருவியைப் பரிசளித்தார். ஒலியின் மேல் ஒலியை அடுக்கிப் பதியும் சோதனைகளை லெஸ் பால் அதன்மூலம் முன்னெடுத்தார். 1951 இல் கிராஸ்பியின் நிறுவனம் காட்சியை நாடாவில் பதியும் முயற்சி ஒன்றையும் செய்துகாட்டியது. வீட்டில் இருந்தபடியே கேட்கும் பாடகராகப் புகழ்பெற்றவர், அக்குரலைச் சேமித்துவைக்கும் தொழில்நுட்பத்தின் வளர்ச்சிக்கும் துணைநின்றார்.

பிற்காலப் படங்கள்

1954 ஆம் ஆண்டு கிராஸ்பியின் திரைவாழ்வில் முக்கியமானது. அவ்வாண்டில் வெளியான ஒயிட் கிறிஸ்மஸ் என்ற இசைப்படம் வசூலில் முதலிடம் பெற்றது. மைக்கேல் கர்ட்டிஸ் இயக்கிய இப்படம் விஸ்டாவிஷன் என்ற அகலத்திரை முறையில் எடுக்கப்பட்ட முதல் படமாகும்.

அதே ஆண்டில் வெளியான த கன்ட்ரி கேர்ள் முற்றிலும் வேறுபட்டது. கிளிபர்ட் ஓடட்ஸ் எழுதிய நாடகத்தைத் தழுவிய இப்படத்தில், மகனை விபத்தில் இழந்து, குடிக்கு அடிமையாகி, மேடையேற அஞ்சும் ஒரு பழைய பாடகராகக் கிராஸ்பி நடித்தார். மக்கள் அறிந்த கவலையற்ற பிங் கிராஸ்பியின் சாயல் இவ்வேடத்தில் சிறிதும் இல்லை. இளமையில் மதுவால் ஒரு பெரும் வாய்ப்பை இழந்தவர் அவர். அவருடைய முதல் மனைவியும் மதுப்பழக்கத்தால் துன்புற்றவர். இப்பின்னணியை அறிந்தோர்க்கு அவருடைய இந்நடிப்பு மேலும் பொருள் தருவதாகும். இதற்காக அவர் மூன்றாம் முறையாகச் சிறந்த நடிகர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். விருது ஆன் த வாட்டர்பிரண்ட் படத்துக்காக மார்லன் பிராண்டோவுக்குச் சென்றது. கிராஸ்பியின் மனைவியாக நடித்த கிரேஸ் கெல்லி சிறந்த நடிகைக்கான விருதைப் பெற்றார்.

ஹை சொசைட்டி (1956) படத்தில் கிரேஸ் கெல்லி, பிராங்க் சினாட்ரா, லூயிஸ் ஆம்ஸ்ட்ராங் ஆகியோருடன் கிராஸ்பி நடித்தார். மொனாக்கோ இளவரசரை மணந்துகொண்ட கெல்லியின் கடைசித் திரைப்படம் இதுவாகும். ஸ்டேஜ்கோச் (1966) படத்தில் குடிப்பழக்கமுள்ள மருத்துவராக நடித்ததே திரையரங்குப் படங்களில் கிராஸ்பியின் கடைசி முக்கிய வேடம்.

குடும்பம்

1930 செப்டம்பரில் கிராஸ்பி நடிகை டிக்சி லீயை மணந்தார். அப்போது கிராஸ்பியைவிட டிக்சி லீயே திரைத்துறையில் அறியப்பட்டவராக இருந்தார். இவர்களுக்கு கேரி, இரட்டையரான பிலிப், டென்னிஸ், இளையவரான லின்ட்சி என நான்கு ஆண் பிள்ளைகள் பிறந்தனர். டிக்சி லீ 1952 நவம்பர் 1 அன்று புற்றுநோயால் காலமானார். 1957 இல் கிராஸ்பி நடிகை கத்ரின் கிராண்டை மணந்தார். இவர்களுக்கு ஹாரி, மேரி, நதானியேல் என மூன்று பிள்ளைகள். மேரி நடிகையானார். நதானியேல் 1981 இல் ஐக்கிய அமெரிக்காவின் தொழில்சாரா கோல்ப் வாகையர் பட்டத்தை வென்றார்.

கிராஸ்பியின் மறைவுக்குப் பின் 1983 இல் மூத்த மகன் கேரி ஒரு நூலை வெளியிட்டார். தந்தை தம்மைக் கடுமையாக அடித்தும் இகழ்ந்தும் வளர்த்ததாக அதில் அவர் எழுதினார். திரையில் அன்பான பாதிரியாராகவும் வானொலியில் குடும்ப நண்பராகவும் அவரை அறிந்திருந்த மக்களுக்கு இது அதிர்ச்சி அளித்தது. பிலிப் இக்குற்றச்சாட்டுகளை வெளிப்படையாக மறுத்துத் தந்தைக்கு ஆதரவாகப் பேசினார். லின்ட்சி 1989 இலும் டென்னிஸ் 1991 இலும் தற்கொலை செய்துகொண்டனர். இரண்டாம் திருமணத்தில் பிறந்த பிள்ளைகள் தம் தந்தையைக் கனிவானவராகவே நினைவுகூர்ந்துள்ளனர்.

விளையாட்டு ஆர்வம்

கிராஸ்பி கோல்ப் விளையாட்டில் பெரும் ஈடுபாடு கொண்டவர். தொழில்முறை ஆட்டக்காரர்களும் பிறரும் இணைந்து ஆடும் போட்டி ஒன்றை 1937 இல் தொடங்கினார். 1947 முதல் இப்போட்டி கலிபோர்னியாவின் பெபிள் பீச்சில் நடைபெற்றது.

1946 முதல் இறக்கும்வரை பிட்ஸ்பர்க் பைரட்ஸ் என்ற பேஸ்பால் அணியின் பங்குதாரராகவும் அவர் இருந்தார். 1960 இல் அவ்வணி உலகத் தொடரின் இறுதி ஆட்டத்தை ஆடியபோது பதற்றம் காரணமாக அமெரிக்காவில் இருக்க விரும்பாமல் பாரிசுக்குச் சென்றுவிட்டார். பின்னர் பார்ப்பதற்காகத் தொலைக்காட்சி ஒளிபரப்பைப் படச்சுருளில் பதிவு செய்ய ஏற்பாடு செய்திருந்தார். அணி வெற்றி பெற்றது. அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட அந்த ஒளிபரப்பின் முழுப் பதிவு 2009 இல் அவருடைய பழைய வீட்டின் நிலவறையில் கிடைத்தது.

மறைவு

1977 மார்ச்சில் கலிபோர்னியாவின் பசடேனா நகரில், கலைவாழ்வின் 50 ஆண்டு நிறைவையொட்டிய நிகழ்ச்சியின் முடிவில் கிராஸ்பி மேடையிலிருந்து இசைக்குழுவினருக்கான பள்ளத்தில் விழுந்தார். முதுகெலும்பில் காயமடைந்து சிகிச்சை பெற்றபின் மீண்டும் மேடையேறினார். அவ்வாண்டு செப்டம்பரில் இலண்டனில் கிறிஸ்துமஸ் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக இளம் ராக் பாடகர் டேவிட் போவியுடன் இணைந்து பாடினார். அக்டோபர் 10 அன்று இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் தமது கடைசி மேடை நிகழ்ச்சியை நடத்தினார். பின்னர் ஓய்வுக்காக ஸ்பெயின் சென்றார். அக்டோபர் 14 அன்று மட்ரித் அருகே 18 குழிகள் கொண்ட கோல்ப் ஆட்டத்தை ஆடி முடித்துத் திரும்பும்போது மாரடைப்பால் காலமானார். போவியுடன் பாடிய நிகழ்ச்சி அவர் இறந்தபின்னரே ஒளிபரப்பானது.

கலிபோர்னியாவின் கல்வர் சிட்டியில் உள்ள ஹோலி குரோஸ் கல்லறைத் தோட்டத்தில், முதல் மனைவி டிக்சி லீயின் அருகில் கிராஸ்பி அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய கல்லறைக் கல்லில் பிறந்த ஆண்டு 1904 எனத் தவறாகப் பொறிக்கப்பட்டுள்ளது.

தாக்கம்

1963 இல் கிராமி வாழ்நாள் சாதனையாளர் விருதைப் பெற்ற முதல் கலைஞர் கிராஸ்பி ஆவார். ஹாலிவுட் புகழ் நடைபாதையில் இசை, வானொலி, திரைப்படம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனியாக அவர் பெயரில் நட்சத்திரங்கள் பதிக்கப்பட்டுள்ளன. அவர் திரையில் அறிமுகப்படுத்திய பாடல்களுள் நான்கு அகாதமி விருது பெற்றன.

கிராஸ்பிக்குப் பின்வந்த பாடகர்களுக்குத் தாழ்ந்த குரலில் பாடுவது இயல்பான ஒன்றாகிவிட்டது. இதனால் அது ஒரு காலத்தில் புதுமையாக இருந்தது என்பதே மறக்கப்பட்டது. ஒலிவாங்கியின் முன் நின்று பாடும் எப்பாடகரும் தொலைவில் இருப்பவருக்காகக் கத்த வேண்டியதில்லை என்ற நிலையை உருவாக்கியவர்களுள் அவர் முதல்வரிசையில் வைத்து எண்ணப்படுகிறார்.

நடித்த சில திரைப்படங்கள்

கிங் ஒப் ஜாஸ் (1930)
த பிக் பிராட்காஸ்ட் (1932)
பென்னிஸ் பிரம் ஹெவன் (1936)
ரோட் டு சிங்கப்பூர் (1940)
ஹொலிடே இன் (1942)
ரோட் டு மொராக்கோ (1942)
கோயிங் மை வே (1944)
த பெல்ஸ் ஒப் செயின்ட் மேரிஸ் (1945)
ஒயிட் கிறிஸ்மஸ் (1954)
த கன்ட்ரி கேர்ள் (1954)
ஹை சொசைட்டி (1956)
ஸ்டேஜ்கோச் (1966)